ஹெச்டிஎம்எல் தெரியாமல் ஒரு வலைப்பூ: பி.ஏ. தமிழ்க்காரியின் அனுபவம்

நான் படித்தது பி.ஏ. தமிழ். கம்ப்யூட்டர் என்றால் டைப் அடிக்கத் தெரியும், அவ்வளவுதான். மன்னார்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கல்யாணப் பத்திரிகையும் கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்டும் அடித்துக்கொண்டே குரூப் 4 தேர்வுக்குப் படித்தேன். அந்தத் தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். பாதி தமிழ். தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பி.காம்., பி.எஸ்சி. படித்த தோழிகள் இலக்கணக் குறிப்பில் மாட்டிக்கொண்டு என்னிடம் வருவார்கள். ஒரே பதிலை வாட்ஸப்பில் ஆறு பேருக்கு அனுப்பி அலுத்துப்போய்த்தான் ப்ளாக் ஆரம்பித்தேன்.

முதல் நாளே அசிங்கம். கடையில் அடித்து வைத்திருந்த குறிப்பை அப்படியே கொண்டுபோய் ஒட்டினேன். ‘தமிழ்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் நின்றன. வைரஸ் என்றே நினைத்தேன். கடை அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “பாமினில அடிச்சத ஒட்டுனா வேற எப்படிம்மா வரும்? யூனிகோடுக்கு மாத்து.” பாமினி, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகமூடி மாட்டிய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் முகமூடி கழன்றுவிடும். யூனிகோடில் அப்படி இல்லை, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. பழைய குறிப்புகளை எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தேன். புதிதாக எழுதத் தமிழ்99 விசைப்பலகை பழகினேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். நடுவில் வரும் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் விரல் தடுமாறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலைப்பூ நடத்தும் தளம் பிளாகரா வேர்ட்பிரஸ்ஸா என்று யோசித்து நாளைக் கழிக்க வேண்டாம். சொந்தமாக வேர்ட்பிரஸ் நிறுவினால் இணையத்தில் இடத்துக்கு வாடகை கட்டவேண்டும், அப்டேட், பேக்கப் எல்லாம் நம் தலையில். பிளாகரில் அந்தத் தொல்லை இல்லை, காசும் இல்லை. நான் பிளாகர். அதிலும் சும்மா இருந்தேனா? யாரோ சொன்னார்கள் என்று தீமுக்குள், அதாவது பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் ஹெச்டிஎம்எல் கோப்புக்குள் போய் நாலு வரியை அழித்தேன். பக்கம் முழுக்க வெள்ளை. பழைய தீம் கோப்பை இறக்கி வைக்காததால் மூன்று நாள் அழுதுகொண்டே ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். தீமில் கை வைக்கும் முன்னால் ‘பேக்கப்’ பொத்தானை அழுத்திக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஹெச்டிஎம்எல் பற்றி எனக்கு இன்றைக்கும் அதற்குமேல் தெரியாது.

இன்னொன்று, தமிழ்ப் பதிவர்களுக்கு வரும் சங்கடம். தமிழில் தலைப்பு வைத்தால் பிளாகர் அதை முகவரியில் எடுத்துக்கொள்ளாது. ‘ப்ளாக்-போஸ்ட்’ என்று பொதுவாக ஒரு பெயரைப் போட்டு, அடுத்ததற்குப் பின்னால் ஓர் எண்ணைச் சேர்க்கும். என் முதல் முப்பது பதிவுகளும் அப்படித்தான் கிடக்கின்றன. வெளியிடும் முன்பே பெர்மாலிங்க் (பதிவின் முகவரி) பகுதியில் பொருளைச் சொல்லும் இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் நாமே கொடுத்துவிட வேண்டும்.

இதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். எனக்கு ஒரு வருஷம் பிடித்தது வேறொன்று.

அளபெடை, அதாவது செய்யுளில் ஓர் எழுத்து தன் அளவைவிட நீண்டு ஒலிப்பது பற்றி ஒரு பதிவு எழுதினேன். ‘அளபெடை: ஓர் அறிமுகம்’ என்று தலைப்பு, நன்னூலிலிருந்து தொடக்கம், கல்லூரிக் கட்டுரை தோற்கும். வந்தவர்களில் பாதிப் பேர் நானே. பிறகுதான் கூகுள் சர்ச் கன்சோலில் பக்கத்தைச் சேர்த்தேன். இலவசம்தான். மக்கள் என்ன தட்டித் தேடும்போது நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அது சொல்லும். பார்த்தால், ஒருவரும் ‘ஓர் அறிமுகம்’ தேடவில்லை. ‘தூஉம் இலக்கணக்குறிப்பு’, ‘சொல்லிசை அளபெடை கண்டுபிடிப்பது எப்படி’ என்று தேடியிருக்கிறார்கள். என் பக்கம் அவர்களுக்குக் காட்டப்பட்டிருக்கிறது, யாரும் சொடுக்கவில்லை.

பதிவைத் திருப்பி எழுதினேன். ‘ஓஒதல் வேண்டும்’: ஓசை குறைகிறது, அதை நிறைக்க அளபெடுத்தது, செய்யுளிசை. ‘கெடுப்பதூஉம்’: அளபெடுக்காவிட்டாலும் ஓசை கெடாது, இனிமைக்காக வந்தது, இன்னிசை. ‘உரன்நசைஇ’: ‘நசை’ என்றால் விருப்பம், ‘நசைஇ’ என்றால் விரும்பி. பெயர் வினையெச்சமாக மாறிவிட்டதா? சொல்லிசை. தேர்வு அறையில் அவசரத்துக்கு: முடிவில் ‘உம்’ கேட்டால் இன்னிசையா என்று பார், ‘இ’ வந்து ‘செய்து’ என்ற பொருள் தந்தால் சொல்லிசை. நன்னூல் கடைசிக்குப் போயிற்று. என் பேராசிரியர் பார்த்தால் முகம் சுளிப்பார். ஆனால் இன்றுவரை என் வலைப்பூவில் அதிகம் படிக்கப்படும் பக்கம் அதுதான். அதற்குப்பின் புதுப் பதிவு எழுத உட்கார்ந்தால் முதலில் அந்தத் தேடல் பட்டியலைத்தான் திறக்கிறேன். இல்லையென்றால் தோழிகளின் வாட்ஸப் சந்தேகங்கள். அவர்கள் கேட்ட சொற்களையே தலைப்பாக்குகிறேன்.

காசு விஷயம். 2018 பிப்ரவரிக்கு முன் தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் (விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் சேவை) ஆதரவே கிடையாது. நமக்கு முந்தைய பதிவர்கள் பலர் ஒரு ரூபாய் பார்க்காமல் எழுதித் தள்ளியவர்கள். என் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பியது, நியாயமாகவே திரும்பியது. பாடநூல் பக்கங்களைப் படம் பிடித்துப் போட்டு எண்ணிக்கையைக் கூட்டியிருந்தேன். அடுத்தவர் உழைப்பு, என் சொந்தச் சரக்கு ஒன்றுமில்லை. அத்தனையையும் தூக்கிவிட்டு மூன்றாவது முறை கேட்டேன், கிடைத்தது. 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். நான் கதவு எண்ணை விட்டுவிட்டு, திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். எனக்கு அதற்குப் பதினான்கு மாதம் ஆனது. இதை நம்பி வேலையை விடாதீர்கள். நான் இன்னும் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் பணத்தில் சொந்த டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வாங்கினேன், ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய். பிளாகரோடு இணைக்க இரண்டு சி-நேம் வரிகளைச் சேர்க்கச் சொல்லும். பொருள் புரியவேண்டியதில்லை, அது காட்டுவதை எழுத்துப் பிசகாமல் ஒட்டினால் போதும். புதுப்பிக்க மறந்தால் பெயர் கைவிட்டுப் போய்விடும். அந்தத் தேதியை வீட்டு நாள்காட்டியில், கேஸ் சிலிண்டர் பதிந்த தேதிக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.