பசைக்குப் பதில் இரண்டு திருகாணிகள்

சார்ஜ் நிற்காமல் போன என் ஹெட்போனைத் திறந்து பார்த்தபோது, ஒலிபெருக்கியும் ஒயர்களும் பழுதின்றி இருக்க, நகத்தளவு பேட்டரி மட்டும் ஓட்டோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தது. நெம்பினால் உறை கிழிந்து தீப்பற்றக்கூடும் என்பதால் முழுக் கருவியையும் கைவிட வேண்டியதாயிற்று. இரண்டு திருகாணிகள் இருந்திருந்தால் அது இன்னும் சில ஆண்டுகள் உழைத்திருக்கும் என்பதே என் ஆற்றாமை. லித்தியம் பேட்டரிகள் பலவற்றில் சேரும் கோபால்ட் என்னும் உலோகத்தின் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது; அங்கே சிறுவர்களும் மண் தோண்டிச் சுமக்கிறார்கள் என்பதை நினைக்கையில், அந்த உழைப்பை இவ்வளவு எளிதில் குப்பையாக்கும் வடிவமைப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரிச் சட்டம், சில விலக்குகள் தவிர, சாதனங்களில் உள்ள சிறு பேட்டரிகளைப் பயனரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்கிறது. அவ்விதி 2027 பிப்ரவரி 18 முதல் பொருந்தும்.