ஃபூஸ் என்றால் முழுக்கால்

ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். எண்பது தாண்டிய ஒரு அம்மா, "ஃபூஸ் வலிக்கிறது" என்றார். நான் குனிந்து காலுறையைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, புண் இல்லை, விரலிடுக்கு சுத்தமாக இருந்தது. "இங்கேயா, இங்கேயா" என்று அழுத்தி அழுத்திக் கேட்டேன். அவர் முகம் சிவந்துகொண்டே போனது. கடைசியில் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தொடைமேல் வைத்தார். வலி இடுப்புக்கு ஒரு சாண் கீழே இருந்தது. பக்கத்துக் கட்டில்காரரிடம், "இந்தப் பெண்ணுக்கு ஜெர்மன் தெரியாது" என்றார். அந்த வாக்கியம் மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

பாதம் என்றால் ஃபூஸ், அதற்கு மேலே இருப்பது பைன் என்றுதான் வகுப்பில் படித்தேன். நமக்கு இரண்டுமே கால். அந்தப் பழக்கத்தை உதறவே எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. பி2 என்ற ஜெர்மன் மொழித் தேர்வுக்குப் படித்த நாட்களில் குளிக்கும்போதுகூடப் பாதத்தைத் தொட்டு ஃபூஸ், முழங்காலைத் தொட்டு பைன் என்று சொல்லிப் பார்ப்பேன். அவ்வளவு பாடுபட்டு 2021இல் வந்து சேர்ந்தது ஸ்டுட்கார்ட் பக்கம். இங்கே ஷ்வேபிஷ் என்ற வட்டார ஜெர்மன் பேசிப் பழகிய பெரியவர்களுக்கு இடுப்பிலிருந்து விரல்நுனிவரை எல்லாமே ஃபூஸ். எங்கள் ஆச்சி "காலு கடுக்குது மக்ளே" என்று சொல்வதும் இவர்கள் சொல்வதும் ஒன்றேதான். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழக்கத்தை அப்படியே விட்டிருந்தால் அந்த அம்மாவின் வலி எனக்கு முதலிலேயே புரிந்திருக்கும்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஹேபன் என்றால் தூக்குவது என்று படித்திருந்தேன். இங்கே அது பிடித்துக்கொள்வது. கோப்பையைப் பிடிக்கச் சொன்னவரிடமிருந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன், காப்பி பாதி மிச்சம் இருந்தது. டெப்பிஷ் என்றால் தரையில் விரிக்கும் கம்பளம் என்று படித்திருந்தேன். குளிர்கிறது, டெப்பிஷ் எடுத்து வா என்று ஒருவர் கேட்டபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது போர்வை.

இவையெல்லாம் சின்ன விஷயங்கள். என்னை உண்மையில் புண்படுத்தியது ஒரு மணிக்கணக்கு. பயிற்சிக் கூட்டம் "ட்ரைஃபீர்டெல் ட்ரை" என்றார்கள். முக்கால், மூன்று. என் தலைக்குள் அது மூன்றேமுக்கால் என்று விழுந்தது. ஐந்து நிமிடம் முன்னதாகவே போனேன். அறையில் நாற்காலிகளை அடுக்கிவிட்டிருந்தார்கள். கூட்டம் இரண்டேமுக்காலுக்கு. மூன்றாவது மணியில் முக்கால் பங்கு முடிந்துவிட்டது என்பது இவர்கள் கணக்கு. அரை மூன்று என்றால் இரண்டரை என்பதை வகுப்பில் சொல்லித் தந்தார்கள். முக்காலை யாரும் சொல்லவில்லை. அங்கே கற்றது "மூன்றுக்குக் கால் மணி முன்" என்பதுதான். மேற்பார்வையாளர் கோபப்படவில்லை. "நேரம் இங்கே முக்கியம்" என்று மெதுவாகச் சொன்னார். எட்டு வருடம் ஒரு ஷிஃப்டுக்கும் தாமதமாகப் போகாதவள் நான். அன்றிரவு அம்மாவிடம் பேசும்போது குரல் உடைந்துவிட்டது.

அடுத்த வாரம் இரவுப் பணியில் கூட இருந்த ஷ்வேபியத் தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் கைபேசியில் ஒரு வரைபடத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து முழுக்க வண்ணப் புள்ளிகள். 2:45ஐ உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்ற கேள்விக்கு ஊர் ஊராக வந்த பதில். வடக்கிலும் மேற்கிலும் "கால் மணி முன்" ஒரு நிறம். தெற்கிலும் கிழக்கிலும் "முக்கால்" இன்னொரு நிறம். அவள் விரலால் தேய்த்து அடுத்த படத்துக்குப் போனாள். காலையில் தின்னும் சின்ன ரொட்டி வடக்கில் ப்ரோட்சென், பெர்லினில் ஷ்ரிப்ப, பவேரியாவில் செம்மெல், எங்கள் பக்கம் வெக்லே. "வடக்கேயிருந்து ஹாம்பர்க்காரர் வந்தாலும் இங்கே முழிப்பார்" என்றாள். அந்த ஒரு சொல்லில் என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. தவறு என் ஜெர்மனில் இல்லை, நான் படித்த ஜெர்மனின் ஊர் வேறு.

ஸ்டெஃபான் எல்ஸ்பாஸ், ரோபர்ட் மோலர் என்ற இரு மொழியியலாளர்கள் 2003 முதல் இணையவழி கேட்டுக் கேட்டு இந்த வரைபடங்களைச் சேர்த்துவருகிறார்கள். இந்த நாட்டுக்கு அது புதிதும் இல்லை. 1876இல் கேயோர்க் வெங்கர் என்பவர் பள்ளிக்கூடங்களுக்குச் சில வாக்கியங்களை அனுப்பி, இதை உங்கள் ஊர்ப்பேச்சில் எழுதி அனுப்புங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டார். பிறகு அது 40 வாக்கியங்களாக நிலைத்தது. 40,000க்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து பதில் வந்தது. முதல் வாக்கியம், குளிர்காலத்தில் காய்ந்த இலைகள் காற்றில் பறக்கின்றன என்பது. அதை நினைத்தாலே எனக்கு மனம் நிறைகிறது. காய்ந்த இலை எப்படிப் பறக்கிறது என்று ஒவ்வொரு குக்கிராமத்தையும் ஒருவர் கேட்டிருக்கிறார்.

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோவையில் நர்சிங் சேர்ந்த முதல் வாரம், விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் "கொஞ்சம் வெள்ளம் தாங்க" என்றேன். மேசையே சிரித்தது. எங்கே வெள்ளம், படகு வேணுமா என்று நான்கு வருடமும் கேட்டார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, தண்ணீரை வெள்ளம் என்பதும் பலாவைச் சக்கை என்பதும் அந்த மண்ணின் பேச்சு என்று சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை. ஒரே மாதத்தில் தண்ணீருக்கு மாறினேன். ஓர்மை போய் ஞாபகம் வந்தது, விளிப்பது போய்க் கூப்பிடுவது வந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஆச்சி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களையும் பெருமாள்முருகன் கொங்குச் சொற்களையும் அகராதியாகத் தொகுத்திருக்கிறார்கள். அவை பெரிய கொடை. எனக்கு அதோடு ஒரு படமும் வேண்டும். வெள்ளம் எந்த ஊரோடு நின்று தண்ணீர் எந்த ஊரில் தொடங்குகிறது என்று விரல்வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது நான் இந்த ஊரில் ஊன்றிவிட்டேன். டெப்பிஷ் என்றால் கை போர்வைக்குப் போகிறது. ஃபூஸ் என்றால் எந்த இடம் என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன். பேக்கரியில் வெக்லே என்று நாக்கு புரளாமல் சொல்கிறேன். போன சனிக்கிழமை வரிசையில் அப்படிச் சொல்லி, சூடான பொட்டலத்தைக் கையில் வாங்கிய நொடியில், ஆச்சி வீட்டு அடுக்களையில் மரச்சீனி வெந்து மூடியைத் திறக்கும் ஆவி முகத்தில் அடித்தது. கடைக்காரர் மீதிச் சில்லறையை இரண்டு தடவை நீட்டினார்.

அன்று மாலை இங்கே எங்கள் அடுக்களையில் தமிழ்த் தோழிகளோடு அதைப் பற்றித்தான் பேச்சு. சேலத்துக்காரி, "மரச்சீனியா? குச்சிக்கிழங்குன்னு சொல்லு" என்றாள். தஞ்சாவூர்க்காரி மரவள்ளியை விட்டுத்தரவில்லை. நான் பழைய பணிப்பட்டியல் தாளைத் திருப்பித் தமிழ்நாட்டை வரைந்தேன். ஆளுக்கொரு பேனா எடுத்தோம். கிழங்கு முடிந்ததும் கைலி வந்தது. எங்கள் பக்கம் அது சாரம் என்றதும், முப்பது வருடமாக இங்கே இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா நிமிர்ந்தார். "ஓம், நாங்களும் சாரம் எண்டுதான் சொல்லுறனாங்கள்." தாளில் யாழ்ப்பாணத்துக்கு இடமில்லை. இன்னொரு தாளை ஒட்டி, குமரிக்கும் அங்கேக்கும் கடல்மேலே ஒரு கோடு இழுத்தோம். அக்கா அந்தக் கோட்டைச் சிவப்புப் பேனாவால் இன்னொருமுறை அழுத்தி வரைந்தார்.

தாள் இப்போது குளிர்சாதனப்பெட்டிக் கதவில் இருக்கிறது. ராமநாதபுரம் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. பரமக்குடிப் பெண் ஒருத்தி பக்கத்து ஊருக்கு வேலைக்கு வந்திருக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கிறோம்.