ஓடைக்கரையில் வில்லோ போத்து

ஓடைக்கரைச் சீரமைப்புக்குப் புதிதாக வருபவர்கள், நட்ட வில்லோ போத்தில், அதாவது வேர்விடுவதற்காக வெட்டி நடும் வில்லோ மரக் கிளைத்துண்டில், முதல் துளிரைப் பார்த்ததும் துள்ளிக் குதிப்பார்கள். நான் அந்தத் துளிரை நம்புவதில்லை. வேரே பிடிக்காத குச்சியும் தன்னிடம் மிச்சமிருக்கும் சத்தை வைத்து இலை விட்டுவிடும். ஓடை வற்றி மண் காயும்போதுதான் எதற்கு வேர் இருக்கிறது என்று தெரியும்.

அதனால் நாங்கள் மெனக்கெடுவதெல்லாம் மண்ணுக்குக் கீழேதான். இலை உதிர்ந்தபின், மொட்டு விரியுமுன், மரம் உறங்கும் காலத்தில் கிளைகளை வெட்டுகிறோம். அடிப்பக்கம் சாய்வாக, நுனிப்பக்கம் மட்டமாக. குத்தி இறக்கச் சுலபம் என்பதோடு, குவித்துப் போட்ட குச்சிகளில் எது தலை, எது கால் என்றும் தெரிய வேண்டுமே! சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, கடப்பாரையால் குழி குத்தி, மூன்றில் இரண்டு பங்காவது மண்ணுக்குள் போகும்படி இறக்குகிறோம். வறண்ட காலத்திலும் ஈரம் தங்கும் ஆழத்தை அடிமுனை தொட வேண்டும். கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் அடிக்கும்போது உச்சி பிளந்தால், பிளந்த மட்டும் நறுக்கிவிடுவோம். பிறகு சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்க வேண்டும். பலரும் சோம்பல்படுவது இங்கேதான். வில்லோவின் பட்டைக்கடியில் வேர்முளைகள் ஏற்கெனவே காத்திருக்கின்றன. ஈரமண் ஒட்டினால் கிளம்பிவிடும், இடையில் காற்றுப் பொந்து இருந்தால் காய்ந்துவிடும்.

போத்து மட்டுமே கரையைக் காப்பாற்றிவிடாது. வளைவின் வெளிக்கரையில் தண்ணீர் முதலில் அடியைத்தான் அரிக்கும். அடி போனால் மேல்மண் பாளமாகச் சரியும். நட்ட போத்தும் கூடவே போகும். அங்கே கரையடியில் கல்லோ தென்னைநார் உருளையோ போட்ட பிறகுதான் மேலே நடுவோம். வேர் பிடித்தபின் கதை வேறு. வெள்ளத்தில் கிளைகள் வளைந்துகொடுத்து வேகத்தை மட்டுப்படுத்தும், வண்டல் படியும்.

எங்கும் வில்லோ நடலாமா என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவைச் சொல்வேன். கரை காக்கவென்று அங்கே கொண்டுபோய் நட்டது, ஒடிந்த கிளைகள் மிதந்துபோய் ஓடைக்குள்ளேயே வேரூன்றி நீரோட்டத்தை மறித்தது. 1999இல் வந்த தேசியக் களைப் பட்டியலில், ஒருசில தவிர வில்லோ வகைகள் எல்லாமே இடம்பெற்றன. நாங்கள் அந்தந்த ஓடையோரம் இயல்பாக வளரும் இனத்தில்தான் போத்து வெட்டுகிறோம், அதுவும் பல மரங்களிலிருந்து. வில்லோவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரே மரத்துப் போத்தை வரிசையாக நட்டால் கரை முழுக்க ஆண் மரம் மட்டுமோ பெண் மரம் மட்டுமோதான் இருக்கும்.