லேசர் கட் வீடு: சுவரை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள்

லேசர் கட் எம்டிஎஃப் வீடு ஒன்று வார்கேம் (சிறு பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டு) மேசையில் இருந்தால், அது கிட்டில், அதாவது வெட்டிய பாகங்களாக வாங்கி நாமே ஒட்டும் தொகுப்பில், வந்தது என்பதை மூலையே காட்டிக்கொடுத்துவிடும். சுவரும் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக வரிசையாகக் கறுப்புச் சதுரங்கள். ஒரு சுவரில் வெட்டிய துளையான காடிக்குள் நுழைந்த, மறு சுவரில் நீட்டியிருக்கும் நாக்குகளின் நுனி அது. சுவருக்கு எத்தனை அழகாகப் பெயிண்ட் அடித்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும். கிட்டோடு வரும் விளக்கத் தாளில் எதை எதோடு ஒட்டுவது என்று இருக்கும். இந்தச் சதுரங்களை என்ன செய்வது என்று பெரும்பாலும் இருக்காது.

எம்டிஎஃப் என்பது மர நாரைப் பிசினோடு கலந்து சூடாக அழுத்திய பலகை. மேல் முகமும் கீழ் முகமும் இறுக்கமாக இருக்கும், நடுப்பகுதி கொஞ்சம் தளர்வு. லேசர் வெட்டும்போது அந்த நடுப்பகுதி கரிந்த நிலையில் வெளியே தெரிகிறது. ஆக, விளிம்பில் இரண்டு தொல்லைகள்: ஒன்று கரி, இன்னொன்று தண்ணீரை உறிஞ்சும் குணம். கிட் கட்டுவதில் வரும் முக்கால்வாசிப் பிரச்சினை இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடியும்.

பாகங்களை ஒரே மூச்சில் அவற்றைச் சுற்றியிருக்கும் பலகைச் சட்டத்திலிருந்து பிரித்துக் குவிக்காதீர்கள். தேவைப்படும்போது எடுத்தால் போதும். பிரித்த பாகத்தின் உட்பக்கத்தில் பென்சிலால் எண்ணை எழுதி வையுங்கள். வலது சுவரும் இடது சுவரும் ஒரே மாதிரி இருந்து, ஜன்னல் மட்டும் சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் கிட்கள் உண்டு. சட்டத்தோடு பாகத்தைப் பிடித்திருக்கும் சிறு இணைப்புகளைப் பின்பக்கமிருந்து கத்தியால் அறுத்துவிட்டு, பிறகு தள்ளுங்கள். முறுக்கினால் மேல் படலம் உரிந்துகொண்டு வரும், அதுவும் முன்பக்கத்தில்தான் உரியும். ஜன்னல் கம்பிகள் 2 மி.மீ. அகலம்கூட இல்லாத இடங்களில் விரலால் அழுத்தவே வேண்டாம். எம்டிஎஃப் ஒடியும்போது ஏடு ஏடாகப் பிரியும். பிரிந்தால் பதற வேண்டியதில்லை: தண்ணீர் போன்ற சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு விட்டு, பிளாஸ்டிக் தாளை நடுவில் வைத்து அழுத்திப் பிடித்தால், ஒடிந்த இடம் முன்னைவிடக் கெட்டியாகிவிடும்.

கரியை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். அது சேறாகி முகத்தில் பரவும். காய்ந்த பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு, வெளியே தெரியப்போகும் விளிம்புகளை மட்டும் 240 எண் உப்புத்தாளால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்தால் போதும். உள்ளே மறையும் விளிம்பில் கரி இருந்துவிட்டுப் போகட்டும். இந்தத் தூள் மிக நுண்ணியது, நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம்.

அடுத்தது, பசை இல்லாமல் முழு வீட்டையும் மாஸ்கிங் டேப்பால் நிறுத்திப் பார்ப்பது. இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு சுத்தியலைத் தேடுகிறார்கள். 3 மி.மீ. பலகை என்று சொன்னாலும் உண்மையில் அது கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். காடி மட்டும் வரைபடத்தில் உள்ளபடியே வெட்டப்பட்டிருக்கும். இறுக்கமாக இருந்தால் நாக்கை அரத்தால் தேயுங்கள், காடியை அகலப்படுத்தாதீர்கள். நாக்கு தேய்ந்தால் யாருக்கும் தெரியாது, காடி அகன்றால் சுவரில் ஓட்டை தெரியும். அடித்து உள்ளே இறக்கினால் காடியின் மூலையிலிருந்து சுவர் பிளக்கும். இன்னொன்று, லேசர் வெட்டு நேர் செங்குத்தாக இறங்காது, லேசாகச் சாயும். அதனால் ஒரு பக்கமிருந்து நுழையாத நாக்கு மறுபக்கமிருந்து சுலபமாக நுழைவதுண்டு. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பாகம் என்றால், அரத்தை எடுக்கும் முன் ஒருமுறை திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

இந்த நிலையில் கைக்கு எட்டாத இடங்கள் எவை என்பதும் தெரிந்துவிடும். மாடிப்படிக்குக் கீழே, உள்சுவரின் மூலை, கதவுக்குப் பின்பக்கம். வீட்டை மூடிய பிறகு அங்கே பிரஷ் போகாது. அவற்றுக்கு இப்போதே சீலரும் (பலகை ஈரத்தை உறிஞ்சாமல் அடைக்கும் பூச்சு) பெயிண்டும் ஆக வேண்டும். ஆனால் நாக்கு, காடி, ஒட்டும் விளிம்பு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் போட்டுவிட்டு அடியுங்கள். மரப் பசை நாருக்குள் ஊறித்தான் பிடிக்கும். பெயிண்ட் மேல் ஒட்டினால் பெயிண்டோடு சேர்ந்து உரிந்துவரும்.

சீலர் விஷயத்தில்தான் ஆளுக்கொரு கருத்து. பரவலான வழி, வெள்ளை பிவிஏ பசையையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து பூசுவது. செலவு குறைவு, வேலையும் நடக்கும். ஆனால் அந்தத் தண்ணீரையே விளிம்பு குடித்து உப்பும், நார் எழும்பிச் சொரசொரவென்று நிற்கும். காய்ந்ததும் 320 அல்லது 400 எண் உப்புத்தாள் போட்டுவிட்டு இன்னொரு கோட்டிங் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு முகத்தில் மட்டும் பூசினால் பலகை வளையும். இரு முகத்திலும் ஒரே சமயத்தில் பூச வேண்டும். இதைவிட ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக் (அரக்குப் பிசின்) நல்லது என்பேன். தண்ணீர் இல்லை, அதனால் உப்பல் இல்லை. சீக்கிரம் காயும். அதோடு கரியின் பழுப்பு மேலே ஊறி வருவதையும் அது தடுக்கும். வெள்ளைச் சுவர் அடித்து முடித்த பிறகு ஜன்னல் ஓரத்தில் மட்டும் டீக்கறை போல மஞ்சள் தெரிந்தால், காரணம் அந்தக் கரிதான். மேலே எத்தனை வெள்ளை அடித்தாலும் திரும்பத் திரும்ப வரும். ஷெல்லாக் ஒரு கோட்டிங் கொடுத்துவிட்டு அடித்தால் நிற்கும்.

ஒட்டுவதற்கு மரப் பசை. சூப்பர் க்ளூவை விளிம்பு உடனே குடித்துவிடுவதால் இணைப்பில் ஒன்றும் மிஞ்சாது. சரிபார்த்து நகர்த்தவும் நேரம் தராது. தரைப்பலகையில் அடுத்தடுத்த இரண்டு சுவர்களை முதலில் நிறுத்தி மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். மீதி இரண்டு சுவர்களும் ஏறியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துகொள்ளுங்கள். 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் லேசாக உள்ளே அழுத்தினால் சரியாகும். ரப்பர் பேண்ட் போட்டு, கூரையையும் மேலே உட்கார வைத்துக் காயவிடுங்கள், சட்டம் கோணாமல் இருக்கும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைக்க மறந்தால் கூரை நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். அரை மணியில் கைபிடிக்கலாம், ஆனால் முழுப் பலத்துக்கு 24 மணி நேரம் விட வேண்டும்.

இனி அந்தக் கறுப்புச் சதுரங்கள். மூன்று வழிகள் இருக்கின்றன, எதை எடுப்பது என்பதை வீட்டின் பாணி சொல்லும். மரச் சட்டம் தெரியும் வீடு என்றால், 1 மி.மீ. அட்டையிலோ மெல்லிய மரப் பட்டையிலோ மூலைத் தூண் ஒட்டினால் வேலை முடிந்தது. கல் வீடு என்றால் மூலைக்கற்கள்: ஒரே அட்டையில் 10 மி.மீ., 6 மி.மீ. நீளத் துண்டுகள் வெட்டி, மூலையின் இரு பக்கமும் நீளமும் குட்டையும் மாறி மாறி வருமாறு ஒட்டுங்கள். துண்டுகளின் முனையை நகத்தால் கொஞ்சம் நசுக்கினால் தேய்ந்த கல் போல ஆகிவிடும். பூச்சுச் சுவர் என்றால் பட்டி பார்க்க வேண்டியதுதான். முதல் தடவை வைத்த பட்டி காய்ந்ததும் சுருங்கிக் குழி விழும், அது இயல்பு. தேய்த்துவிட்டு இரண்டாம் தடவை வையுங்கள். அதன் மேல் சுவர் முழுவதும் ஒரு பூச்சு: பட்டி மாவு 2 பங்கு, மரப் பசை 1 பங்கு, சலித்த மெல்லிய மணல் அரைப் பங்கு, அதோடு அடிநிறப் பெயிண்ட் கொஞ்சம். நிறம் உள்ளேயே கலந்திருந்தால் பிறகு எங்கே பெயர்ந்தாலும் வெள்ளை தெரியாது. பழைய பிரஷால் குத்திக் குத்திப் பூசுங்கள். கனம் 1 மி.மீ.யைத் தாண்டினால் வெடிக்கும்.

செங்கல் கோடு பொறித்த சுவரில் கதை வேறு. பட்டியைத் தேய்த்த பிறகு கோடுகளை மூலை வரை கத்தி நுனியால் திரும்பக் கீற வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் வேறு வழி இல்லை.

பிரைமர் ஸ்ப்ரேயை 25 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை. ஒரே தடவையில் கனமாக அடித்தால் பொறித்த கோடுகள் நிரம்பிவிடும். அவற்றின் ஆழம் அரை மி.மீ.கூட இருக்காது. வீட்டில் எங்காவது தெர்மகோல் சேர்த்திருந்தால் சால்வென்ட் ஸ்ப்ரே அதைக் கரைத்துத் தின்றுவிடும். அந்த இடத்தில் பிரஷால் அக்ரிலிக் பிரைமர்தான்.

செங்கல்லுக்குச் செங்கல் நிறத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலில் சுவர் முழுவதும் சாந்தின் நிறம், சாம்பல் கலந்த வெளிர்மணல். அது நன்றாகக் காய்ந்த பிறகு, அகலத் தட்டைப் பிரஷில் செம்பழுப்பு எடுத்து, பேப்பரில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு, கோடுகளுக்குக் குறுக்காகச் சாய்வாக இழுங்கள். பிரஷ் கோட்டோடு சேர்ந்து போனால் பெயிண்ட் கோட்டுக்குள் இறங்கிவிடும். குறுக்கே போனால் மேடான இடத்தில் மட்டும் பிடிக்கும். பிறகு நூறு கல்லில் பத்துப் பதினைந்தை மட்டும் தனியாக எடுத்து அடர்பழுப்பு, ஆரஞ்சு கலந்த சிவப்பு, ஊதா கலந்த சாம்பல் என்று மூன்று நிறத்தில் தொடுங்கள். அடுத்தடுத்த கல்லுக்கு ஒரே நிறம் வேண்டாம். அதே சமயம் சீராக ஒன்றுவிட்டு ஒன்றாகவும் வேண்டாம், சதுரங்கப் பலகை ஆகிவிடும்.

மினியேச்சருக்கு, அதாவது சிறு பொம்மை உருவங்களுக்கு, அடித்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு கைவழக்கம் கெடுதல் செய்யும்: மேலெல்லாம் வாஷ் (நீர்த்த அடர்நிறப் பெயிண்ட்) ஊற்றுவது. மனித உருவத்தில் துணி மடிப்பு, தோள்பட்டை என்று வாஷ் ஓடித் தங்க இடம் இருக்கிறது. தட்டைச் சுவரில் அது எங்கும் ஓட முடியாமல் நின்று, காய்ந்ததும் ஓரத்தில் வட்ட வட்டமாகக் கறை விடும். சுவருக்கு அழுக்கு வேண்டுமென்றால் மழைநீர் எங்கே போகும் என்று பாருங்கள். ஜன்னல் திண்டின் இரு முனையிலிருந்து கீழே இறங்கும் கோடு, தரையிலிருந்து 1 செ.மீ. உயரம் வரை சேறு தெறித்த பட்டை, கூரை ஓட்டின் கீழ்நுனி. கூரை விளிம்புக்கு நேர் கீழே உள்ள சுவர் நனையாது, அங்கே சுத்தமாகவே விடுங்கள்.

ஓடு பட்டைகளைக் கீழிருந்து மேலே, வரிசைக்கு வரிசை அரை ஓடு தள்ளி ஒட்ட வேண்டும். மேல்பக்கம் முழுக்க ஈரப் பசை பட்டதும் கூரைப் பலகை வளையத் தொடங்கும். ஒட்டும்போதே உட்பக்கத்துக்கும் தண்ணீர் கலந்த பசை ஒரு கோட்டிங் கொடுத்துவிடுங்கள். கழற்றும் கூரையில் இன்னொரு சிக்கல், பசையில்லாமல் பார்த்தபோது கச்சிதமாக உட்கார்ந்த கூரை பிரைமர், பெயிண்ட், வார்னிஷ் எல்லாம் ஏறிய பிறகு உட்காராது. ஒவ்வொரு உரசும் விளிம்பிலும் அரை மி.மீ. இடைவெளி முன்கூட்டியே தேய்த்து வைத்தால் விளையாட்டின் நடுவில் பெயிண்ட் உரியாது.

ஜன்னலுக்குக் கண்ணாடி போல அசிடேட் தாள் வைப்பதாக இருந்தால், வார்னிஷ் எல்லாம் முடிந்த பிறகு உட்பக்கமிருந்து வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். சூப்பர் க்ளூவின் ஆவி பட்டால் தாள் பனி மூடியது போல வெளுத்துவிடும், துடைத்தாலும் போகாது. மேட் வார்னிஷ் இரண்டு கோட்டிங் போதும், அதுவும் காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்தால் வெளுக்கும்.

28 மி.மீ. அளவு உருவத்துக்கு 25 மி.மீ. வட்ட அடிப்பலகை என்றால், அளவுப்படி சரியாக இருக்கும் கதவுக்குள் அது பல கிட்களில் நுழையாது. கதவை அகலப்படுத்தாதீர்கள், வீடு கொட்டகை போலாகிவிடும். கதவைத் தொட்டால் உள்ளே போனதாகக் கணக்கு என்று எதிராளியிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்வதே சுலபம்.