டிராக்டர் பெட்டில அஞ்சு நாளு

ஜூலை 22, செவ்வாய்

காலைல இருந்து டிராக்டர் பெட்டியக் கழுவுததுதான் சோலி. போன மாசம் எரு அடிச்சது, மூலைல எல்லாம் சாணி காஞ்சி பொருக்குத் தட்டிக் கெடந்துச்சி, மம்பட்டிய வச்சி சொரண்டி, ஓஸ் பைப்ப புடிச்சி அடிச்சி, அப்புறம் மகன் உள்ள ஏறி விளக்குமாத்த வச்சி தேய்தேய்னு தேச்சி, மத்தியானத்துக்கு மேலதான் தகரம் கண்ணுக்குத் தெரிஞ்சிச்சி. அப்பா திண்ணைல உக்காந்துகிட்டு "அந்தக் கதவுக்கு இடுக்குல பாரும்ல, அங்கனதான் நாறும்"னு மேஸ்திரி வேலை.

எதுக்குன்னா, ஆடி அமாவாசைக்கு எங்க வீட்டுல காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போற பழக்கம். நான் சின்னப் பிள்ளையா இருக்கைல இந்த மாதிரி பெட்டிலதான் அரிசி மூட்டை, விறகு, அண்டா, கிடா, ஆச்சி, நாங்க எல்லாரும் ஒண்ணா ஏறிப் போவோம். ஆத்தங்கரைல நிப்பாட்டி மூங்கில வளைச்சி மேல படுதாவப் போட்டா அதுதான் வீடு. பொம்பளைய பிள்ளைய எல்லாம் பெட்டிக்குள்ள, ஆம்பளைய பெட்டிக்கு அடில. பத்து நாளு. இப்ப யூடியூப்ல அவனவன் வண்டிக்குப் பின்னால வீட்டை இழுத்துட்டுப் போயி மலை ஏரிக்கரைல தங்குதான், அதுக்கு கேம்பிங்னு பேரு, மகன் வாயப் பொளந்து பாக்கான். ஏல, உங்க பூட்டி பிரசவம் முடிஞ்ச நாப்பதாம் நாளே கைப்பிள்ளையோட அதைச் செஞ்சவன்னு சொன்னா நம்ப மாட்டேங்கான்.

இப்ப அப்படிப் போக முடியாது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்க கோயிலு, சொந்த வண்டியக் கீழயே நிப்பாட்டிட்டு அரசு பஸ்லதான் மேல போணும், தங்குத நாளும் கொறஞ்சி போச்சி. நான் அதத் தப்புன்னு சொல்ல மாட்டேன். கூட்டம் போனபிறகு அந்தக் காட்டப் பாத்தவனுக்குத் தெரியும், பாலித்தீன் பையும், ஆத்துல அவுத்து விட்ட துணியும் பாறைக்குப் பாறை சுத்திக்கிட்டுக் கெடக்கும். அப்பாக்கு இதச் சொன்னா கோவம் வரும். "எங்க காலத்துல ஏதுல பாலித்தீன்"பாவ. அதுவும் சரிதான்.

அப்பாக்கு இப்ப எழுவத்தஞ்சி. பஸ்ல நின்னுட்டுப் போக முட்டு ஒத்துக்காது. மூணு வருசமா ஆடி பொறந்தா மூஞ்சத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருக்காவ. அதான் மச்சான்கிட்ட கேட்டேன், சிவசைலத்துக்கு மேக்க கடனா அணைக்குக் கீழ அவனுக்கு ஒரு தோப்பு இருக்கு, மாவும் தென்னையும். "அத்தான், இதுக்குப்போயி கேக்கணுமா, வாங்க"ன்னுட்டான். அப்பாகிட்ட சொன்னதும் ஒண்ணும் பேசல, ஆனா சாயங்காலம் பேப்பர எடுத்து அணை நீர்மட்டம் போட்டிருக்க எடத்தத் தேடுனாவ. எங்க ஊர்ல பாதிப்பேரு அதத்தான் மொதல்ல பாப்பாவ. பாவநாசம் 143, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கடனா 85, ராமநதி 84ன்னு மொத்த உயரத்த எல்லாம் அடிக்கணக்குல வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாவ.

ஜூலை 23, புதன்

டிராக்டர் பெட்டில ஆள ஏத்திட்டுப் போனா போலீஸ்காரன் புடிப்பான், புடிக்கணும்தான், எத்தன பெட்டி கவுந்திருக்கு. அதனால சாமான் எல்லாம் டிராக்டர்ல, ஆளுவ எல்லாம் ஆட்டோல. அப்பா ஆட்டோல ஏற மாட்டேன்னு ஒரே மல்லு. "பெட்டி முன்னால போவுது, நான் பொறத்தால ஆட்டோல வாரதா." வீரவநல்லூர்ல இருந்து அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சின்னு நான் டிராக்டர்ல உருட்டிட்டுப் போனா ஆட்டோ எனக்குப் பின்னாலயேதான் வருது, முந்திப் போகக் கூடாதுன்னு ஆர்டராம். பெட்டில போட்டிருக்க பத்தமடைப் பாய் பறந்துராம பாத்துக்கிட்டு வந்தாவளாம்.

தோப்புக்கு வந்ததும்தான் உண்மையான வேலை. பெட்டிக்கு ரெண்டே சக்கரம், முன்பாரம் முழுக்க டிராக்டர் கொக்கிலதான் நிக்கும், கழட்டணும்னா முன்னால ஸ்டாண்டு கொடுக்கணும், இல்லன்னா மூக்கு மண்ணுல குத்தீரும். அந்த ஸ்டாண்ட போன வாரம்தான் ஊர்ல ஒரு பட்டறைல புதுசா வெல்டு வச்சேன். கொக்கிப் பின்ன உருவி டிராக்டர ஒரு அடி முன்னால எடுத்தேன், 'டொக்'னு ஒரு சத்தம், ஸ்டாண்டு முழங்கால மடக்குத மாதிரி மடங்கி பெட்டி மூக்கு கீழ போயிட்டு. உள்ள இருந்த அரிசிப் பானை உருண்டு மதினி போட்ட கூப்பாடு மலைல எதிரொலிச்சிச்சி. வெல்டு போட்ட எடத்தப் பாத்தா மேல மட்டும் ஒட்டிருக்கான், உள்ள எறங்கவே இல்ல. அந்தக் கடைக்காரனுக்கு ஊருக்குப் போயி இருக்கு. ஜாக்கிய வச்சித் தூக்கி, காவக்காரரு கொண்டாந்த தென்னந்தடிய ரெண்டு துண்டா அறுத்து அண்டை குடுத்தோம்.

அப்புறம் மட்டம் பாக்கணும். மகன் போன்ல மட்டம் பாக்குத ஆப்பு இருக்குன்னு எறக்கிட்டு இருக்கான், டவர் ஒரு கோடு. அம்மா பூசைக்கு வச்சிருந்த எலுமிச்சம்பழத்த எடுத்து பெட்டி நடுவுல வச்சா. அது பைய உருண்டு வலப்பக்கம் போச்சி. வலப்பக்கச் சக்கரத்துக்கு அடில ஒரு கல்லு. திரும்ப வச்சா, கொஞ்சம் யோசிச்சிட்டு முன்னால போச்சி. முன்னால இன்னும் ஒரு பலகை. மூணாவது தடவ பழம் பின்கதவப் பாத்து மெதுவா, ரொம்ப மெதுவா உருண்டுச்சி. "போதும், இப்படியே கெடக்கட்டும், சாரல் தண்ணி உள்ள வந்தா பின்னால ஓடீரும், தலைமாடு ஒசந்து இருக்கும்"னா. ஆப்பு அப்பத்தான் எறங்கி முடிஞ்சிச்சி.

தகரம் ராத்திரி ஐஸ் கணக்கா குளுந்துரும், அதனால ஒரு சாண் ஒசரத்துக்கு வைக்கோல், அதுமேல சாக்கு, அதுமேல பாய். மூங்கில அஞ்சு வளைவா வளைச்சி பெட்டி ஓரத்துக் கொக்கில கட்டி, படுதாவ இழுத்துக் கட்டுனோம். மேக்கால காத்து. அந்தப் பக்கத்த மட்டும் அப்பா தன் கையால கட்டுனாவ, என்ன முடிச்சோ தெரியல, வெடுக்குன்னு இழுத்தா அவுந்துருது, காத்து இழுத்தா அவுற மாட்டேங்குது. பின்கதவ சங்கிலில தொங்க விட்டா அதான் அடுப்படித் திண்டு.

ராத்திரி கூட்டாஞ்சோறு. கூதல் நல்லா இருந்துச்சி.

ஜூலை 24, வியாழன், அமாவாசை

விடிய முன்னால தம்பி பைக்க எடுத்துட்டுக் கெளம்பிட்டான், எங்க எல்லார் சார்பாவும் அவன்தான் காரையாறு போறான். அப்பா ஒரு சோடி தோல்செருப்பு வாங்கி மஞ்சப்பைல சுத்தி வச்சிருந்தாவ, பட்டவராயருக்கு. மகளுக்கு விளங்கல, சாமிக்கு எதுக்கு தாத்தா செருப்புன்னு கேட்டுட்டா, அவ்வளவுதான், காப்பி ஆறுத வரைக்கும் கதை. முத்துப்பட்டன் பிராமணப் பிள்ளை, பொம்மக்கா திம்மக்கான்னு செருப்புத் தைக்கிற வீட்டு அக்கா தங்கச்சிய ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டு, மாமனார் தொழிலையே செஞ்சி, மாட்டுக்குக் காவல் போன எடத்துல களவாணிப் பயலுவகிட்ட சண்ட போட்டுச் செத்தவரு, அவருதான் அங்க பட்டவராயரா நிக்காரு. வருசம் கழிச்சிப் பாத்தா, கட்டித் தொங்கவிட்ட செருப்பு நடந்து தேஞ்ச மாதிரி இருக்கும்பாவ. வில்லுப்பாட்டுல கேக்கணும் இந்தக் கதைய, அப்பா ரெண்டு வரி பாடுனாவ, இருமல் வந்துட்டு. மகளுக்கு ஒரே சந்தேகம்தான், சைசு எப்படித் தெரியும்.

அணைக்குள்ள எறங்கிக் குளிக்கக் கூடாது, போர்டே வச்சிருக்கு, அது தவிர அடில சகதி, கால வச்சா முழங்காலுக்குப் புடிச்சிக்கிடும். நாங்க கீழ கால்வாயிலதான் குளிச்சி, தாத்தா ஆச்சிக்கு எள்ளும் தண்ணியும் விட்டோம். தண்ணி கண்ணாடி கணக்கா. நான் சும்மா இருந்திருக்கலாம், "எப்பா, இந்தத் தண்ணியும் அந்தக் காரையாத்துத் தண்ணியும் திருப்புடைமருதூர்ல ஒண்ணாத்தான சேருது, ரெண்டும் ஒண்ணுதான்"னு ஆறுதல் சொன்னேன். தலையத் துவட்டிக்கிட்டே, "அப்ப நான் திருப்புடைமருதூர்லயே போயி உக்காந்திருப்பம்லா, எதுக்குல இம்புட்டு தூரம்"னாவ.

பதினோரு மணிக்கு சாரல் புடிச்சிட்டு. மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்துக்குக் கொட்டுததுல நமக்குச் சிந்துத மிச்சம்தான் இது, ஆனா அந்த மிச்சமே சாய்ங்காலம் வரைக்கும் விடல. ரெண்டு வளைவுக்கு நடுவுல படுதா தொய்ஞ்சி தண்ணி சேந்து தொப்பை போட்டுட்டு, உள்ள இருந்து அண்ணாந்து பாத்தா பசு மாட்டு வயிறு மாதிரி. மகன் கம்ப வச்சி உள்ள இருந்து தூக்கிவிட்டான், அந்தப் பக்கம் சரியா மதினி உளுந்தஞ்சோத்த எறக்கிட்டு நிக்கா. ஒரு கொடம் தண்ணி. இன்னிக்கும் கூப்பாடு. எள்ளுத் துவையல் மட்டும் தப்பிச்சிச்சி. கூடுதலா ஒரு வளைவு போட்டிருக்கணும், அஞ்சு பத்தாது, எட்டடிப் பெட்டிக்கு ஆறாச்சும் வேணும்.

ஜூலை 25, வெள்ளி

ராத்திரி ரெண்டு மணி இருக்கும், பெட்டிக்கு அடில படுத்திருந்த எனக்கு 'கர்ர் கர்ர்'னு சத்தம். காட்டுப்பன்னி. காவக்காரரு தகர டப்பாவத் தட்டுதாரு, அவரு நாய் குலைக்குது, போற வழியா இல்ல. மகன் டிராக்டர்ல ஏறி ஹெட்லைட்டப் போட்டான், நாலு குட்டியோட தாய் ஒண்ணு, கண்ணு மட்டும் மின்னிச்சி, திரும்பி ஓடிருச்சி. காவக்காரரு வந்து எல்லாரையும் ஏசுனாரு, ராத்திரி தின்ன மாம்பழத் தோலையும் கொட்டையையும் யாரோ அடுப்புக்குப் பக்கத்துலயே போட்டிருக்காவ. "இதுக்கு பன்னி வந்துச்சி, சரி. கரடி வந்தா யாரு பதில் சொல்லுவா?" நியாயம்தான். இங்க அடிவாரத்துல கரடி தோப்புக்கு எறங்குதது புதுசு இல்ல, பழ வாசன போதும் அதுக்கு. காலைல மொத வேலையா எல்லாத்தையும் பெறக்கி தூரமா குழி தோண்டிப் பொதச்சோம்.

ரெண்டாவது வேலை என்னன்னா, ஹெட்லைட்டப் போட்டவன் அணைக்காம அப்படியே தூங்கிட்டான். பேட்டரி செத்துப்போச்சி. சாவியத் திருப்புனா 'டிக்'. ஏற்கனவே லைட்டும் நாலு போனுக்குச் சார்ஜும் அதுலதான் ஓடிட்டு இருந்துச்சி. நல்லவேளை தோப்பு கெழக்காம சரிவு, பெட்டியும் கழட்டித்தான் கெடக்கு. காவக்காரரு, மகன், மச்சான், மச்சானோட ரெண்டு சேக்காளிய எல்லாரும் தள்ள, நான் மேல. கிளச்ச மிதிச்சி பெரிய கியர்ல போட்டு, நல்லா உருள விட்டு படக்குன்னு விட்டேன். மொதத் தடவ ஒரு குலுக்கு, சும்மா நின்னுட்டு. ரெண்டாந் தடவ கரும்பொகையக் கக்கிட்டு எந்திரிச்சிச்சி. சரிவு முடியுத எடத்துல ஒரு வாய்க்கா, ஒரு முழம்தான் மிச்சம். அப்பா தூரத்துல நின்னு "பிரேக்கு பிரேக்கு"ங்காவ. ஒரு மணி நேரம் அணைக்காம ஓட விட்டேன், டீசல் போனா போகுது.

சாயங்காலம் எல்லாருமா அணைக்கரைக்குப் போனோம். மேகம் மலைல பாதிக்கு எறங்கி நிக்கி, தண்ணி மேல காத்து அடிச்சி சின்னச் சின்னதா சுருக்கம் ஓடுது, அக்கரைல ரெண்டு மிளா மான் தண்ணி குடிச்சிட்டு நின்னுச்சி. அதுக்கு மேல அத்ரி மலை, கோயிலுக்குப் போகணும்னா வனத்துறைல அனுமதி வாங்கணும், இன்னொரு நாள் பாப்போம். மகன் போட்டோவே எடுக்கல, அது அதிசயம்தான். அப்பா அரை மணி நேரம் கரைக்கல்லுல உக்காந்திருந்தாவ. எந்திரிக்கும்போது "காரையாறு மாதிரி இல்ல"ன்னாவ. கொஞ்சம் நடந்துட்டு, "ஆனா சத்தமில்லாம இருக்கு"ன்னாவ.

ஜூலை 26, சனி

தம்பி வந்துட்டான். பஸ்ஸுக்கு நின்ன நேரம்தான் அதிகமாம், கோயில்ல சங்கிலி பூதத்தாருக்கு ஆடுதவங்க சங்கிலியால நெஞ்சுல அடிச்சிக்கிடுதத மகன்கிட்ட நடிச்சிக் காமிச்சான். செருப்பக் கட்டியாச்சான்னு அப்பா மூணு தடவ கேட்டாவ. எந்தப் பக்கம், எந்தக் கயித்துலன்னு வேற.

அமாவாசை கழிஞ்சதால மத்தியானம் ஆட்டுக்கறி. நல்ல ஒறப்பு. வேற ஒண்ணும் நடக்கல, மழை, தூக்கம், சுக்குக் காப்பி. இன்னிக்குத்தான் அப்பா பெட்டிக்கு உள்ள படுக்காம, எங்களோட கீழ வந்து படுத்தாவ. முட்டு வலிக்கும்னு சொன்னதுக்கு, "அமாவாசைக்கு வந்தா நான் அடிலதாம்ல படுப்பேன்"னுட்டாவ. மூணு நாளா எதுக்குச் சொல்லலன்னு தெரியல.

ஜூலை 27, ஞாயிறு

கெளம்புத வேலை எப்பவும் பாதி நேரத்துல முடியும், இது ரெட்டிப்பு ஆச்சி, நனஞ்ச வைக்கோல் அம்புட்டு கனம். பாதிய காவக்காரரு மாட்டுக்குக் குடுத்துட்டு வந்தோம். எலுமிச்சம்பழம் நாலு நாளு உருண்டு உருண்டு மெத்துன்னு ஆயிட்டு, மதினி கெளம்பைல அதப் புழிஞ்சி எல்லாருக்கும் ஜூஸ் போட்டுட்டா. அம்மா அதத் தேடிட்டு இருந்தா, யாரும் வாயத் தொறக்கல.

வீட்டுக்கு வந்து படுதாவ உருவி கொடில காயப்போட்டாச்சு. மூங்கில் வளைவ அவுக்கப் போனேன், அப்பா "அது கெடக்கட்டும்ல, என்ன அவசரம்"னுட்டு உள்ள போயிட்டாவ. சாப்பிட்டு வந்து பாத்தா சாரத்த மடிச்சிக் கட்டிக்கிட்டு ஆறாவது வளைவுக்கு மூங்கில சீவிட்டு இருக்காவ. நாளைக்கு விடிஞ்சதும் மேலக்காட்டுக்கு எரு அடிக்கணும், ஆளு சொல்லியாச்சு, பெட்டி வேணும். யாராவது போயி அப்பாகிட்ட சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.