மீன்கொத்திப் பதக்கம்: வடசேரி நாட்குறிப்பு

ஜூலை 2

அப்பாவின் நெஞ்சு ரிப்போர்ட் இன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றார்களாம்.

ஜூலை 3

கல் துண்டுகளைச் சேர்த்துச் செய்யும் மீன்கொத்திப் பதக்கத்துக்குக் கல் எடுத்து வைத்தேன். முதுகுக்கும் சிறகுக்கும் நீல லாபிஸ், தலைக்குப் பழுப்பு ஜாஸ்பர், தொண்டைக்கு வெள்ளை அகேட், அலகுக்குச் சிவப்பு கார்னீலியன். காலடித் தண்ணீருக்கு என்று வாங்கிய பச்சைநீல டர்க்காய்ஸின் ஓரத்தைத் தேய்த்ததும் உள்ளே வெள்ளை வெளேர். சாயம் ஏற்றிய ஹவுலைட் என்ற வெள்ளைக் கல். கொடுத்த காசு போனது போனதுதான். பச்சை மாலகைட் கையில் இருக்கிறது, ஆனால் ரொம்ப மெத்து. அதன் தூளில் செம்பு வேறு, நெஞ்சுக்குள் போகக்கூடாது. சரி, தண்ணீர் வேண்டாம். பறவை மட்டும் போதும்.

பக்கத்துப் பட்டறைப் பையன் தண்ணீர் விடாமல் உலரவே கல் அறுக்கிறான். ஜன்னலைச் சாத்தினேன்.

ஜூலை 4

சாரல். அப்பா போனில், "மக்ளே, சக்கரத்துல தண்ணி ஓடுதா?" என்றார். அதற்குள் இருமல்.

ஜூலை 6

நேற்றும் இல்லை. இனி செவ்வாயாம். என்ன வேலை பார்த்தீர்கள் என்று டாக்டர் மறுபடியும் கேட்டிருக்கிறார். ஸ்படிக மணி உருட்டியது, பட்டை தீட்டியது எல்லாம் அண்ணன் சொன்னானாம். ஸ்படிகம் முழுக்கச் சிலிக்கா. உலர அரைத்தால் கண்ணுக்குத் தெரியாத தூள் நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்து தழும்பாகும். அதை எடுக்க வழியில்லை. முகத்தில் துண்டு கட்டினால் போதும் என்று அப்பாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. துண்டு எதைத் தடுக்கும்?

தூக்கம் வரவில்லை. ராத்திரி முழுக்க ஒரே இணைப்புதான், தொண்டை வெள்ளையும் சிறகு நீலமும் சேரும் இடம். இரண்டையும் சேர்த்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் நடுவில் மயிரிழை வெளிச்சம். 600 நம்பர் அரைக்கும் சக்கரத்தில் ஒரு தொடு, துடை, மறுபடி பிடி. வெளிச்சம் கொஞ்சம் கீழே நகர்ந்தது, போகவில்லை. ஓரத்தை உள்பக்கமாகச் சாய்த்து அரைத்தால் உடனே பொருந்திவிடும். ஆனால் பதக்கத்தின் முகத்தைத் தேய்த்து இறக்கும்போது இடுக்கு வாயைத் திறக்கும். ஓரம் செங்குத்தாகத்தான் நிற்க வேண்டும். சிவப்புக் கல் பதிக்கும் கெம்பு வேலையில் இந்தத் தொல்லை இல்லை. அரக்கில் கல்லை உட்கார்த்தி, சுற்றிலும் தகட்டை அணைத்துவிட்டால் இடுக்கு மறைந்துபோகும். இதில் கல்லோடு கல்தான்.

மூன்று மணிக்கு மேல் வெளிச்சம் போயிற்று. அந்த நேரத்தில் யாரிடம் காட்ட?

ஜூலை 7

புளோரன்சில் பெர்டினாண்டோ மெடிசி 1588-ல் தொடங்கிய கல் பட்டறையைப் பற்றிப் படித்தேன். வளைத்த மரக்கிளையில் இரும்புக் கம்பியைக் கட்டி, எமரி என்ற கடினக் கல்லின் ஈரமான தூளைத் தடவி, அந்த வில்லாலேயே கல்லை அறுத்திருக்கிறார்கள். ஈரமான தூள்! இதை அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். வேண்டாம், இப்போது வேண்டாம்.

ஜூலை 9

செவ்வாய். இல்லை.

துண்டுகளைக் கருப்பு ஓனிக்ஸ் கல் பலகையில் ஒட்டியாயிற்று. எபாக்சிப் பசை ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

ஜூலை 11

பதக்கத்தின் முகம் தேய்த்தேன். லாபிஸ் பள்ளமாகிவிட்டது. பத்து வரை போகும் கடின அளவில் அகேட் ஏழுக்குக் கிட்ட, லாபிஸ் ஐந்து, ஐந்தரைதான். மெத்தை வைத்த சக்கரத்தில் மெத்துக் கல் சீக்கிரம் கரையும். நகத்தை ஓட்டினால் தொண்டையோரம் தட்டுகிறது. அப்பா எந்த வேலையையும் கண்ணால் பார்ப்பதற்கு முன் நகத்தால்தான் பார்ப்பார். மெத்தை இல்லாத தட்டையான தட்டுக்கு மாற்றி, 1200 நம்பரில் கையை அழுத்தாமல் முழு முகத்தையும் இறக்கினேன். இப்போது தட்டவில்லை. 3000 பாக்கி. அப்புறம் டயமண்ட் பேஸ்ட்.

நீலத்தில் ஒரு பொன்னிறப் பைரைட் புள்ளி, சரியாகச் சிறகின் முனையில் வந்திருக்கிறது. நான் திட்டமிட்டதில்லை. அவ்வளவு அழகு.

ஜூலை 12

அண்ணன் போன். தூள்தானாம். இரண்டு பக்கமும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீ வந்து சொல்லு என்கிறான். நாளைக் காலை ஐந்து மணி பஸ்ஸில் அப்பா இருக்கும் திருவனந்தபுரம்.

பையன் இப்போதும் அறுத்துக்கொண்டிருக்கிறான், இங்கே கேட்கிறது. போய்ச் சத்தம் போட்டேன். "முதலாளி தண்ணி வைக்க விடமாட்டாருக்கா" என்றான். புருவமெல்லாம் வெள்ளை. என்னிடமிருந்த என்-95 பாக்கெட்டைக் கொடுத்தேன், அது பத்தாது. சக்கரத்துக்குத் தண்ணீர் விடும் சொட்டுக் குழாய் ஒன்று என்னிடம் மீதி இருக்கிறது. முதலாளி எட்டு மணிக்குத்தான் வருவாராம். ஐந்து மணி பஸ் வேண்டாம், ஒன்பது மணிக்குப் போகிறேன்.