மருந்து ஜன்னலுக்கு உள்ளே

மருந்தாளுநர் வேலையை நான் இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன். முதலில் ஓசூர்ப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப். அப்புறம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். இரண்டிலும் அதிகம் கொடுத்தது சுகருக்கான மெட்ஃபார்மினும் பிரஷருக்கான அம்லோடிபினும்தான். வந்தவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள். கேட்ட கேள்விதான் வேறு.

ஷாப்பில் சீட்டை நீட்டியதும் "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்பார்கள். தொகையைச் சொன்னால் ஒரு நிமிடம் பேச்சு நிற்கும். பிறகு, "அந்த கேஸ் மாத்திரை வேணாம், சுகருக்கு மட்டும் குடுங்க", "ஒரு வாரத்துக்குப் போதும்". கத்தரிக்கோல் மேசையை விட்டு நகராது. ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்கை இரண்டு நாளுக்கு வெட்டி வாங்கிப் போகிறவர்கள், பிரஷர் மாத்திரையை ஒன்று விட்டு ஒருநாள் போட்டு அட்டையை இழுத்தடிப்பவர்கள் என்று தினமும் பார்க்கலாம். டாக்டர் எழுதிய டோஸைக் கடைசியில் திருத்துவது அவர்களுடைய சட்டைப்பைதான். சீட்டில் இருப்பது பிராண்டு பெயர். அதே மருந்து குறைந்த விலையில் பின்னால் அலமாரியில் இருந்தாலும், டாக்டரைக் கேட்காமல் மாற்றிக் கொடுக்க விதி இடம் தராது. முதலாளிக்கும் அதில் பெரிய வருத்தம் இருந்ததாக நினைவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையை யாரும் கேட்பதில்லை. "மாத்திரை வந்திருக்கா சார்?" என்பதுதான் கேள்வி. மருத்துவம் மனித உரிமையா என்ற விவாதம் எங்கே நடந்தாலும் எனக்கு இந்த இரண்டு கேள்விகளும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. "எவ்வளவு?" என்பதைத் தமிழ்நாடு பெரும்பாலும் தாண்டிவிட்டது. "இருக்கா?" என்பது மாதாமாதம் புதிதாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

பதில் சொல்லும் ஏற்பாட்டை வெளியில் இருப்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. 1994-இல் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் அமைக்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விட்டு, பிராண்டு பெயரில்லாமல் மருந்தின் பொதுப்பெயரிலேயே (ஜெனரிக்) வாங்குவார்கள். மொத்தமாக வாங்குவதால் விலை சரிந்துவிடும். மாவட்டக் குடோனுக்கு வந்த சரக்கில் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் வெளியே வரும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கிய தொகையை எழுதிய ஒரு பாஸ்புக் உண்டு. நாங்கள் எடுக்கும் மருந்தின் மதிப்பு அதில் கழிந்துகொண்டே வரும். பின்னால் கேரளமும் ராஜஸ்தானும் இதே மாதிரிக் கழகங்களை அமைத்துக்கொண்டன.

இவ்வளவு இருந்தும், "விற்பனைக்கு அல்ல" என்று அட்டையில் அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இது கேக்காது சார், வெளியில வாங்கிக்கற மாதிரி எழுதித் தரச் சொல்லுங்க" என்பவர்கள் உண்டு. அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து வரும் பேச்சும் ஒரு காரணம். "சும்மாதானே குடுக்கறோம், கொஞ்சம் நிக்க மாட்டீங்களா?" என்று சொல்லும் ஊழியர்களோடு நானும் வேலை பார்த்திருக்கிறேன். வரிப்பணத்தில் வாங்கிய மாத்திரையைத் தன் வீட்டுச் சோறு போல நினைத்துக் கொடுப்பவரிடம், எழுபது வயது அம்மா எந்த உரிமையைக் கேட்பார்? கையைக் கூப்பிவிட்டுத்தான் வாங்குவார்.

சட்டம் இதில் எதுவரைக்கும் வரும்? நலவாழ்வு உரிமை என்று நம் அரசியல் சாசனத்தின் அடிப்படை உரிமைகளில் தனிப்பிரிவு இல்லை. 21-ஆம் பிரிவின் உயிர் வாழும் உரிமைக்குள் அதை உச்ச நீதிமன்றம்தான் வாசித்துக் காட்டியது. 1992-இல் மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். இடமில்லை, வசதியில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் பிழைத்தார். அவசர சிகிச்சையை மறுத்தது 21-ஆம் பிரிவை மீறிய செயல் என்றும், பணமில்லை என்பதை அரசு காரணமாகச் சொல்ல முடியாது என்றும் 1996-இல் தீர்ப்பு வந்தது. இழப்பீடு 25,000 ரூபாய்.

நல்ல தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் நீதிமன்றத்தின் கண்ணில் படுவது தலையில் அடிபட்டவர்தான். பத்து வருடம் மாத்திரை விட்டு விட்டுப் போட்டவருக்கு இன்னாரால் இன்ன தேதியில் உரிமை பறிபோனது என்று எந்த மனுவில் எழுதுவது? காப்பீடும் அப்படித்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. டயாலிசிஸுக்குக் கைகொடுக்கிறது. எத்தனையோ குடும்பங்களை அது கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை அதில் வராது. கிட்னி போன பிறகுதான் காப்பீட்டு அட்டைக்கு வேலை. போகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் ஜன்னலின் பொறுப்பு.

அந்த ஜன்னலில் சரக்கு குறைந்தால் என்ன செய்வோம்? முப்பது நாள் மாத்திரைக்குப் பதில் பதினைந்து நாளைக்குக் கொடுப்போம். ரெஜிஸ்டரில் "வழங்கப்பட்டது" என்றே இருக்கும். வாங்குபவருக்கு இன்னொரு நடை, நூறு நாள் வேலையில் இன்னொரு நாள் கூலி போச்சு. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமானது இந்த இடத்தில் பெரிய உதவி (அதையும் மருத்துவத் திட்டம் என்றே சொல்வேன்).

2021 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களும், கூட்டிவர ஆள் இல்லாதவர்களும் மருந்து வாங்குவோர் பட்டியலுக்குள் வந்தார்கள். அதிகாலையில் வந்து சீட்டுக்கு நிற்கும் வரிசையும் குறைந்தது. என் வேலைக் காலத்தில் இவ்வளவு மாற்றம் செய்த வேறு ஒரு திட்டத்தை நான் பார்க்கவில்லை.

அதிலும் விட்டுப்போகிறவர்கள் உண்டு. எங்கள் பக்கத்து ஆண்களில் நிறையப் பேர் பெங்களூரில் கட்டட வேலை செய்பவர்கள். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வருவார்கள், திங்கள் விடியலில் திரும்பிவிடுவார்கள். நாங்கள் மருந்து கொடுக்கும் நேரமும் அவர்கள் ஊரில் இருக்கும் நேரமும் ஒத்துப்போவதே இல்லை. பி.பி. பார்க்கிற அன்று ஆள் இல்லாததால் பட்டியலிலும் சேர்வதில்லை. ராஜஸ்தான் 2023-இல் நலவாழ்வு உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியபோது, இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் பேசினார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் மருந்து ஜன்னலைத் திறந்து வைக்க ஓர் ஆணை போதும், ஒரு மருந்தாளுநரும் ஒரு நர்ஸும் போதும், அவர்களுக்கு வாரத்தில் வேறொரு நாள் லீவு கொடுத்துவிடலாம் என்று எழுந்து சொன்னேன். "ஞாயித்துக்கிழமை யாருங்க வருவா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். நோயாளிகளைச் சொன்னாரா, எங்களைச் சொன்னாரா என்று கேட்பதற்குள் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.